காசு போட்டால் கத்தாது

நான் கெட்டவனாக இருந்தவரை என் கார் வாயைத் திறக்கவில்லை. திருந்தி நல்லவனான பிறகுதான் கத்த ஆரம்பித்தது!

2012 மாடல். 2020-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு குட்டி மனிதன் தோன்றுவான். நெஞ்சுக்குக் குறுக்கே பட்டை போட்டு, கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடித்தவன் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருப்பான். கூடவே 'டிங்... டிங்...' நாம் பெல்ட் போட்டால்தான் மறைவான்.

பாளையங்கோட்டையில் வீடு, ஜங்ஷன் பக்கம் ஆபீஸ். இந்தக் கால் மணி நேரப் பயணத்துக்கு பெல்ட் எதற்கு? ஆபீஸ் நண்பர் ஒரு வழி சொன்னார். பெல்ட்டின் நாக்கு மாதிரியே ஒரு தகடு, தனியாகக் கிடைக்கும். அதைக் கொக்கிக்குள் சொருகிவிட்டால், நாம் பெல்ட் போட்டிருப்பதாக கார் நம்பிவிடும். ஒரு பிரியாணி விலைகூட இல்லை. வாங்கிச் சொருகினேன். குட்டி மனிதன் மாயம். காரையே ஏமாற்றிய பெருமையில் நாலு பேருக்கு சிபாரிசும் செய்தேன்.

(இந்தத் தகட்டை 2023 மே மாதம் ஐந்து பெரிய ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். நீக்கப்பட்ட விற்பனைப் பட்டியல்கள் 13,118! ஏமாற்றியதில் நான் தனி ஆள் இல்லை என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.)

2022 செப்டம்பர் 4-ம் தேதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு அருகே பால்கரில் கார் விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த கார். பின் சீட்டில் இருந்தவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. டி.வி.யில் அதைப் பார்த்த என் மனைவி ஒன்றும் பேசவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். மறுநாள் காலை தகட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

அன்றிலிருந்து ஒழுங்காக பெல்ட். ஒரு மாதம் போயிருக்கும். பெல்ட் போட்டும் குட்டி மனிதன் மறையவில்லை! கழற்றிப் போட்டேன், துடைத்துப் போட்டேன், சாமி கும்பிட்டுவிட்டுப் போட்டேன். 'டிங்... டிங்...'

காதில் பஞ்சு வைக்காத குறையாக மூன்று மாதம் ஓட்டினேன். நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் நாலுவழிச் சாலையில் எண்பது, தொண்ணூறில் போய் வந்தேன். கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார். சீட்டுக்கடியில ரெண்டு வயரு, வெட்டி விட்டா சோலி முடிஞ்சுது" என்று கட்டிங் பிளேயரை எடுத்தார். நான் சரி என்று தலையாட்டும்போது மனைவி தடுத்தாள். "ஒரு பல்லைப் பிடுங்க நாலு டாக்டரைக் கேட்ட ஆளு நீங்க. இதுக்கும் இன்னொருத்தரைக் கேளுங்க."

அந்த இன்னொருத்தர் மேலப்பாளையத்தில் ஷெட் வைத்திருக்கும் ஒரு பாய். எழுபதை நெருங்கும் வயசு. நான் போனது செவ்வாய்க்கிழமை. மேலப்பாளையத்தில் செவ்வாய் என்றால் ஆட்டுச் சந்தை. ரோட்டில் எனக்கு முன்னால் நாற்பது ஆடுகள். உள்ளே 'டிங்', வெளியே 'மே'. ஒருவழியாக ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"வயர வெட்டச் சொன்னாவளா?" என்று சிரித்தார் பாய். "பெல்ட்டப் போட்டுட்டு அப்படியே உக்காருங்க தம்பி."

போட்டேன். பட்டையைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழு இழுத்தார். நாக்கு கொக்கியை விட்டுக் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது!

"லைட்டு பொய் சொல்லலியே. நீங்கல்லா பொய் சொல்லுதிய!"

எனக்குக் குப்பென்று வியர்த்தது. மூன்று மாதம், அந்த நாலுவழிச் சாலை, அந்த வேகம்... அத்தனை நாளும் நான் பெல்ட் போடவில்லை. மேலே போர்த்திக்கொண்டிருந்தேன், பொன்னாடை மாதிரி! பிரேக் போட்டால் கார் நின்றுவிடும். நம் உடம்புக்கு அந்தத் தகவல் போய்ச் சேராது. அது எண்பதிலேயே போய்க்கொண்டிருக்கும். குறுக்கே நின்று தகவல் சொல்வதுதான் பெல்ட்டின் வேலை. 1959-ல் இந்த மூன்று முனை பெல்ட்டை வால்வோ கம்பெனிக்காக வடிவமைத்த நில்ஸ் போலின், அதற்கு முன்னால் விமானத்திலிருந்து ஆளைத் தூக்கி வெளியே வீசும் சீட் செய்துகொண்டிருந்தவர். வீசத் தெரிந்தவருக்குத்தானே பிடித்து வைக்கவும் தெரியும்!

பாய் முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, டீ சொன்னார். குடித்து முடிக்கிறவரை காரைத் தொடவில்லை. சில கார்களில் பெல்ட்டை இறுக்க ஒரு சின்ன வெடி மருந்து இருக்குமாம். கரண்ட் முழுசாக இறங்காமல் சீட்டுக்கடியில் ஒயரை நோண்டக் கூடாதாம். பிறகு சீட்டுக்கடியில் கிடந்ததையெல்லாம் அள்ளிப் போட்டார். காலி அல்வா டப்பா, கம்பி ஒடிந்த குடை, ஒரு பத்தமடைப் பாய். பாய் கையில் பாய்! "சீட்ட முன்ன பின்ன தள்ளும்போது இதெல்லாம் ஒயர இழுத்துரும். பாதி வண்டிக்கு இதான் சீக்கு" என்றார். ஆனால் என் வண்டியில் ஒயர் சரியாகத்தான் இருந்தது.

கொக்கிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மெல்லிய இடுக்கியை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதையோ வெளியே எடுத்தார்.

ஐம்பது பைசா.

அது அடியில் உட்கார்ந்துகொண்டு நாக்கை முழுசாக இறங்க விடவில்லை. நாக்கு பூட்டினால்தான் உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்ச் நகரும்; விளக்கு அணையும்.

"கொக்கிய மாத்திருங்க. உள்ள தேஞ்சிருக்கும். புதுசா வாங்குங்க, காயலான் கடையில வாங்காதீய. எண்ணெய் மட்டும் விட்டுராதீய, தூசி அப்பிக்கிடும்" என்றார். கூலியாக நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, அந்தக் காசை என் சட்டைப் பையில் போட்டார்.

வீட்டில் காசைக் காட்டி விசாரணை வைத்தேன். யு.கே.ஜி. படித்த என் மகள் உடனே ஒப்புக்கொண்டாள்.

"நான்தாம்ப்பா போட்டேன். அன்னிக்கு கடை வாசல்ல கார் கத்திச்சுல்ல?"

"அதுக்கு ஏன் காசைப் போட்டே?"

"நீங்க தகடு போட்டா கத்தாதுல்ல? என்கிட்ட தகடு இல்ல. இந்தக் காசுக்குக் கடையில மிட்டாயும் தரல."

மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் அதே பார்வை.

புதுக் கொக்கி போட்டாயிற்று. பெல்ட் போடாமல் பிடிபட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது 2019-ல் திருத்திய சட்டம். என் வீட்டில் சட்டம் இன்னும் கடுமை. நான் பெல்ட் போட்டதும் பின் சீட்டிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு, பட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும்.

"ம்... போலாம்ப்பா."

நீங்களும் நாளைக் காலையில் ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன்.