மீனில்லாத தொட்டிக்கு இரை

என் மகள் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில், தங்கமீன் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். மீன் 3 வெள்ளி, கண்ணாடிக் கிண்ணம் 8 வெள்ளி, ஒரு டப்பா இரை 4 வெள்ளி. “தினமும் தண்ணிய மாத்துனா போதும்,” என்றார் கடைக்காரர். 15 வெள்ளியில் ஒரு பிள்ளையின் ஆசை நிறைவேறுகிறதே என்று எனக்கும் மகிழ்ச்சி.

ஐந்தாம் நாள் மீன் இறந்தது. வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பதால் நான் நாலரை மணிக்கே எழுந்துவிடுவேன். இருட்டில் தண்ணீர் குடிக்கப் போனவள்தான் முதலில் பார்த்தேன். அப்பாவை எழுப்பிச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். அன்று ஒலிவாங்கியின் முன்னால் வழக்கம்போல் சிரித்துப் பேசினேன்.

வீடு திரும்பியதும் மகள் கேட்டாள்: “அம்மா, நான்தான் அதைச் சாகடிச்சேனா?”

“இல்லம்மா, அது வயசான மீன்,” என்றேன். பேசியே பிழைப்பவள் இல்லையா? பொய்யும் சரளமாக வந்தது.

அவள் அழவில்லை. மிச்சமிருந்த இரை டப்பாவைத் தன் மேசை இழுப்பறையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த டப்பாதான் என்னை உறுத்தியது. இன்னொரு மீன் வாங்குவதாக இருந்தால், இந்தமுறை தெரிந்துகொண்டு வாங்குவது என்று முடிவெடுத்தேன். என் கணவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மீனையும் சேர்த்து 150 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது.

முதலில் தொட்டி. சின்னத் தொட்டிதான் தொடங்குபவர்களுக்கு எளிது என்று நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறு. தண்ணீர் குறைவாக இருந்தால் கழிவு சீக்கிரம் சேர்ந்துவிடும். நாம் சுதாரிப்பதற்குள் மீன் தவித்துவிடும். அதிகத் தண்ணீர் நம் தவறுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கேரோசலில் தேடியதில், வீடு மாறும் ஒருவர் இரண்டடித் தொட்டியை நிலைமேடை, விளக்கோடு சேர்த்து 40 வெள்ளிக்குக் கொடுத்தார். பழைய தொட்டி வாங்கினால் வரவேற்பறைக்குக் கொண்டு போகாதீர்கள். முதலில் குளியலறையில் வைத்து, தண்ணீர் நிரப்பி, ஒருநாள் முழுக்க விட்டுப் பாருங்கள். கசிந்தால் அங்கேயே கசிந்து போகட்டும்.

அந்தத் தொட்டி 55 லிட்டர் பிடிக்கும். மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் 70 கிலோவைத் தாண்டும். என் அப்பாவே 66 கிலோதான்! “என்னைத் தூக்கி வைக்க முடியாத மேசையில இதையும் வைக்காதே,” என்றார் அவர். நிலைமேடை உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, சமமாகவும் இருக்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்தாலும் கண்ணாடி விரிசல் விடக்கூடும். சன்னலோரமும் வேண்டாம். வெயில் பட்டால் தண்ணீர் சூடாகும், பாசி படரும்.

அடுத்து ஃபில்டர். தொட்டியின் விளிம்பில் மாட்டும் வகை, 28 வெள்ளி. இதில் மட்டும் நான் மிச்சம் பிடிக்கவில்லை. மணல் இரண்டு மூட்டை 12 வெள்ளி. நீர்ச்செடிகள் 10 வெள்ளி. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுமே மங்கலான வெளிச்சத்திலும் பிழைக்கும். வலை, வாளி, தண்ணீர் உறிஞ்சும் குழாய் 13 வெள்ளி. ஹீட்டர் வாங்கவில்லை. நம் ஊர் வெப்பத்தில் கப்பி போன்ற மீன்களுக்கு அது தேவையே இல்லை. கோட்டை பொம்மையையும் நீல நிறக் கூழாங்கல்லையும் மகள் ஏக்கத்தோடு பார்த்தாள். “அது நமக்கு அழகு. மீனுக்கு ஒண்ணுமில்ல,” என்று நகர்த்திக்கொண்டு போனேன்.

9 வெள்ளிக்கு வாங்கிய ஒரு சிறு புட்டிதான் என் கண்ணைத் திறந்தது. குழாய்நீரை இரவே பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பழைய அறிவுரை. சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரமின். அது அத்தனை எளிதில் வெளியேறாது. நாம் குடிக்கலாம், ஆபத்தில்லை. மீனின் செவுள்களுக்கோ அது நஞ்சு. இந்தப் புட்டியிலிருந்து சில சொட்டுகள் விட்டால் அது முறிந்துவிடும். கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றினோமே, பச்சைக் குழாய்நீரைத்தான் ஊற்றினோம்.

கடைசியாக, அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் அளக்கும் சோதனைப் பொருள்கள், 30 வெள்ளி. “தண்ணியப் பார்த்தாலே தெரியாதா?” என்று கணவர் கேட்டார். தெரியாது. பளிங்கு போன்ற தண்ணீரிலும் மீனைக் கொல்லும் அளவு அம்மோனியா இருக்கலாம்.

கூட்டிப் பார்த்தால் 142 வெள்ளி. மீனுக்கு மிஞ்சியது 8 வெள்ளி! தொட்டி வைப்பதில் ஆக மலிவான பொருள் மீன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றுவதும் அதனால்தானோ என்னவோ.

மீனை உடனே வாங்க முடியாது என்றதும் மகள் முகம் வாடியது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா வரும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் அவ்வளவு தீங்கில்லை. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டரின் பஞ்சில் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை அவற்றுக்கும் தீனி வேண்டும். மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை இரை போட்டால், அது அழுகி அம்மோனியாவாகும்.

மகள் எழுந்து போய் இழுப்பறையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து வந்தாள்.

தினமும் மாலையில் ஒரு சிட்டிகை. பள்ளியில், “எங்க வீட்டுல கண்ணுக்குத் தெரியாத செல்லப்பிராணி இருக்கு,” என்று சொல்லியிருக்கிறாள். சோதனைக் குழாயின் நிறங்களை ஒரு நோட்டில் வரைந்து வைத்தாள். பதினோராம் நாள், மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா கரும்பச்சையாக மாறியிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நம்ம தங்கமீன் கிண்ணத்துல ஃபில்டர் இல்லையே. அப்போ அதுவும் இப்படித்தான் பச்சையா இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்.”

“அப்போ அது வயசான மீன் இல்லையா?”

காற்றலையில் இரண்டு விநாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்குப் பதறும். அன்று அதைவிட நீண்ட மௌனம். பிறகு சொன்னேன்: “இல்லம்மா. தப்பு உன்மேல இல்ல, என்மேலதான். எதையும் கேட்காம வாங்கிட்டு வந்தேன். அப்புறம் உங்கிட்டப் பொய்யும் சொன்னேன்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு என்னிடம் கதை கேட்கவில்லை. தாத்தாவிடம் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் மாலை, இரை போடும் நேரத்தில் டப்பாவை என்னிடம் நீட்டி, “இன்னிக்கு நீங்க போடுங்க,” என்றாள். போட்டேன்.

இடையில் ஒருநாள் அப்பா, உதவி செய்வதாக நினைத்து, ஃபில்டர் பஞ்சைக் கழற்றிக் குழாயடிக்குக் கொண்டு போய்விட்டார். “தாத்தா! எல்லாம் செத்துடும்!” என்று மகள் போட்ட கூச்சலில் பஞ்சு தப்பியது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அதை அலச வேண்டும்.

முப்பத்தாறாம் நாள் இரண்டு சோதனையும் சுழி காட்டின. மீன் வாங்கப் போனோம். மூன்று ஆண் கப்பிகள். இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று. பெண் கப்பியைச் சேர்த்தால் மாதந்தோறும் குஞ்சுகள் வரும். பெருகியதைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது இங்கே குற்றம்.

பையைப் பார்த்ததும் அப்பா சிரித்துவிட்டார். “இது லோங்காங் மீனாச்சே! இதுக்கா காசு கொடுத்தீங்க?” செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். சாக்கடையில் கப்பி பிடித்துப் பால் டின்னில் வைத்து வளர்த்திருக்கிறார்.

“டின்னுல உயிரோட இருந்துச்சா தாத்தா?” என்று கேட்டாள் மகள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். “சாக்கடையில நல்லாத்தான் இருந்துச்சு, கண்ணு. ஓடுற தண்ணி. டின்னுலதான் ரெண்டு நாளைக்கு மேல இருக்காது. ஏன்னு அப்ப எங்களுக்குத் தெரியல.”

அவள் தன் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சள் என்றால் என்ன, பச்சை என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.