மணலுக்குள் கிடக்கும் பெயர்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள நாரந்தனையில், எங்கள் வளவில் தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டியபோதுதான் அதை முதலில் கண்டேன். ஆவணி மாதம்; முற்றத்து மணல் காலைச் சுட்டது. மண்வெட்டியோடு ஓர் உருண்டை வெளியே வந்தது. கல்லென்று எடுத்தேன், மெத்தென்றிருந்தது, கண்ணைத் திறந்தது.

"தவக்கையடா ராசா. மாரிக்குக் காத்துக் கிடக்குது, மண்ணைப் போட்டு மூடு" என்றார் அம்மம்மா.

மூடுவதற்கு முன் கீழே விட்டுப் பார்த்தேன். ஓடவில்லை. நின்ற இடத்திலேயே பின்னங்கால்களை மாறி மாறி வீசி, மணலை இரு பக்கமும் தள்ளி, பின்புறமாகவே இறங்கியது. முகம்தான் கடைசியாக மறைந்தது. அந்தக் கால்களின் அடியில் மண்வெட்டி அலகு போல ஒரு கடினமான புடைப்பு உண்டு என்பதைப் பிற்பாடு படித்தறிந்தேன்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படிப் புதையும் தேரைகள் இருக்கின்றன. நம்முடையவற்றுக்கு அவை நெருங்கிய உறவில்லை, தொழில்தான் ஒன்று. ஆங்கிலேயர் காலைப் பார்த்து மண்வெட்டிக்கால் என்றார்கள். ஜெர்மன்காரர் மணத்தைப் பிடித்து உள்ளித் தேரை என்றார்கள். தென்னிந்தியாவில் புதைந்து வாழும் ஒரு தவளைக்குத் தோமஸ் ஜெர்டன் 1853இல் 'புளுவியாலிஸ்' என்று பெயர் வைத்தார். இலத்தீனில் மழைக்குரியது என்று பொருள். அம்மம்மா சொன்னதும் அதுதானே.

எங்கள் ஊரிலோ எல்லாத் தவளையும் தவக்கைதான். ஓயாமல் அழும் பிள்ளையை "மாரித் தவக்கை மாதிரிக் கத்தாதை" என்று ஏசுவோம். குஞ்சுக்குப் பள்ளிப் புத்தகத்தில் வாற்பேத்தை என்று தனிப்பெயர் உண்டு. மணலுக்குள் கிடப்பதற்கென்று மட்டும் ஊர்வாயில் தனிப்பெயர் இல்லை.

தமிழில் இருந்தது: நுணல். தவளை தன் வாயால் கெடும் என்று இன்று நாம் சொல்வதைப் பழமொழி நானூறு நுணலை வைத்தே சொல்கிறது; மணலுக்குள் முழுகி மறைந்து கிடப்பது என்று அடையாளமும் தருகிறது. பல அகராதிகள் அதைத் தவளை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. அந்த மணலைக் கையால் தோண்டிய எனக்கு அது போதவில்லை.

பழமொழியின் தீர்ப்போடும் எனக்கு உடன்பாடில்லை. மாதக்கணக்கில் வாய் திறவாமல் கிடந்த உயிர், பெருமழை விழுந்த சில இரவுகளில்தான் துணையை அழைக்கிறது. வெள்ளம் வற்றுமுன் முட்டையிட்டு, வாற்பேத்தைகள் கால் முளைத்துக் கரையேற வேண்டும். அந்தக் குரல் இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை.

தீவுப்பகுதியில் காணி கொத்துகிறவர்களே, மண்வெட்டியில் ஓர் உருண்டை வந்தால் அடித்துவிடாதீர்கள். நிழலான இடத்தில் ஈரமணலில் விடுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் நின்றால், இதுதான் நுணல் என்று சொல்லிக் கொடுங்கள்.