கணினிக்கு வைத்த பெயர்

பொது வைஃபையில் இணையேக்க எங்கட மடிக்கணினி பெரும்பாலும் தன்ர பெயரை ரவுட்டருக்குச் சொல்லிவிடும். கடையில் உபுண்டு போட்டுத் தந்தவர் என்னுடையதுக்கு என்ர முழுப்பெயரையே வைத்திருந்தார். தனியாப் போய்வாற பெண்பிள்ளைக்கு அது சின்ன விசயமில்லை.

பைத்தனில் 'சாக்கெட்'டை இம்போர்ட் பண்ணி 'கெட்ஹோஸ்ட்நேம்' என்று கேட்டால் பெயர் வரும். எந்த நிரல் கேட்டாலும் வரும். மாற்றத்தான் ரூட் அதிகாரம் வேணும். 'செட்ஹோஸ்ட்நேம்' மாற்றிற பெயரோ ரீஸ்டார்ட் வரைக்கும்தான் நிக்கும். அதால 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கட்டளையை நிரலுக்குள்ளிருந்தே ஓட்டி, 'வேம்பு' என்று ஆங்கில எழுத்தில் வைத்தேன். ரவுட்டரைப் பார்க்கிறவருக்கு இனி ஒரு மரம்தான் தெரியும்.

64 எழுத்துவரை இடமிருக்கு, தமிழுக்குத்தான் இடமில்லை. ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு, புள்ளி, அவ்வளவுதான். 'பிரிட்டி' என்று ஒரு அலங்காரப் பெயரும் வைக்கலாம். அதில தமிழ் போகும். அங்க 'வேப்பமரம்' என்று தமிழிலேயே எழுதிவிட்டேன்.