ஏழு பிள்ளைகளுக்கு ஒரு ஓட்டுக் கட்டடம்

"பிள்ளைங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பாம வீட்டுலயே வச்சுப் படிக்க வைக்கறீங்களாமே, நெசமாங்க?"

சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் பொங்கலுக்கு வர்ற சொந்தக்காரங்க, சாப்பிட்டுக் கை கழுவின உடனே கேக்கற கேள்வி இதுதான். நெசந்தான். ஆனா 'வீட்டுல'ங்கறது மட்டும் சரியில்ல. நாலு குடும்பம் சேர்ந்து ஏழு பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றோம். ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவுல எங்க ஊரு. வாசல்ல நின்னா கொல்லிமலை தெரியும். வேதக்கோயிலுக்குப் பின்னால ஒரு பழைய ஓட்டுக் கட்டடம் சும்மா கிடந்துச்சு. நாலுல ரெண்டு கத்தோலிக்கக் குடும்பம். அவங்க போய்க் கேட்டதும் ஃபாதர் சாவியைக் கையில கொடுத்துட்டார். ஓடு மாத்தற செலவு மட்டும் எங்களுது.

இதை வேற மாவட்டத்துல செஞ்சிருந்தா இவ்வளவு பேச்சு வந்திருக்காது. நாமக்கல்னா முட்டை, லாரி, அப்புறம் ஹாஸ்டல் பள்ளிக்கூடம். ஒரு காலத்துல ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னிக்குப் பேப்பரைப் பிரிச்சா, ரேங்க் வாங்கின பிள்ளைங்க போட்டோவுல நம்ம மாவட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பேரு இல்லாம இருக்காது. பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வச்சுட்டு, ரெண்டு வருசமும் பன்னெண்டாவது பாடத்தையே திருப்பித் திருப்பி நடத்தின பள்ளிக்கூடங்க இருந்துச்சு. 2017ல ரேங்க் அறிவிக்கறதை அரசாங்கம் நிறுத்துச்சு. அந்தக் கல்வியாண்டுலயே பதினொண்ணுக்கும் பொதுத்தேர்வு வந்துச்சு. நீட்டும் அதே வருசம் வந்து உக்காந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பழைய மவுசு குறைஞ்சுது. ஹாஸ்டல்ல போட்டாத்தான் பிள்ளை தேறும்ங்கற நெனப்பு மட்டும் இன்னும் போகல.

இதை 'பிராய்லர் பள்ளி'னு பட்டணத்துல திட்டறாங்க. எனக்கு அந்த வார்த்தை மேல ஒரு சின்னக் கோவம் உண்டு. நாமக்கல்ல பெரும்பாலும் இருக்கறது முட்டைக்கோழி. பிராய்லர்னா பல்லடம் பக்கம் போகணும். திட்டறதுன்னாலும் கோழியைத் தெரிஞ்சு திட்டணுமில்லீங்களா.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிக்குப் போய், 'துளிர்' கல்வி மையத்தைப் பாத்துட்டு வந்தோம். கட்டடக்கலை படிச்ச அனுராதா, கிருஷ்ணா தம்பதி மலைவாழ் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச இடம். அங்க பிள்ளைங்க கையில மூங்கிலும் மண்ணும் இருந்ததைப் பாத்துத்தான் எங்களுக்கும் ஒரு தைரியம் வந்துச்சு.

யாரு என்ன சொல்லித் தர்றதுங்கறது சுலபமா முடிஞ்சுது. கணக்கு, ஒரு லாரிக்காரர் வீட்டம்மா, பி.எஸ்ஸி. கணக்கு படிச்சவங்க. தமிழும் வரலாறும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர். இங்கிலீஷுக்கு, ஐ.டி. வேலையை விட்டுட்டுத் திரும்பி வந்த ஒரு தம்பி. நானும் எங்க வீட்டுக்காரியும் மண்ணு, செடி, மாடு, ஆடு. சிரமமா இருந்தது பெரியவங்க ஒத்துப் போறதுதான். காலையில வகுப்புக்கு முன்னாடி ஜெபம் வேணும்னு ரெண்டு வீட்டுல சொன்னாங்க. இன்னொரு வீட்டுல முகம் சுண்டிப் போச்சு. மூணு கூட்டம் போட்டு ஒரு வழி கண்டுபிடிச்சோம்: மொத பத்து நிமிசம் ஜெபம் பண்றவங்க பண்ணலாம், மத்த பிள்ளைங்க அந்த நேரத்துல கட்டடத்தைக் கூட்டிப் பாயை விரிக்கணும். இப்ப எங்க பையன் ஜெபத்துலதான் நிக்கறான். பக்தி எல்லாம் இல்லீங்க, வெளக்குமாறு பிடிக்கச் சோம்பேறித்தனம்.

சனிக்கிழமை கதை வேற. அன்னிக்குப் பாடம் வெளியில. ஊர்ல அரசுப் பள்ளிக்கூடத்துல படிக்கற பிள்ளைங்களும் சேர்ந்துக்குவாங்க. இருவது பேருக்குக் குறையாது. எங்க ஏழு பேருக்குப் புத்தகத்துல இருக்கற புல்லு தெரியும். ஆடு மேய்க்கற வீட்டுப் பையன் ஒருத்தன் வந்தான் பாருங்க, கொழுக்கட்டைப்புல்லுக்கும் அருகுக்கும் கோரைக்கும் கண்ணை மூடிட்டுத் தொட்டே பேரு சொல்றான். மேச்சேரி ஆடு எதை மொதல்ல கடிக்கும், எதை மோந்துட்டு விட்டுரும்னு வரிசை வச்சிருக்கான். ரெண்டு சனிக்கிழமை அவன்தான் வாத்தியார். எங்க வாத்தியாரு நோட்டுல எழுதிக்கிட்டிருந்தார்.

ஒரு தடவை சேந்தமங்கலம் கூட்டிட்டுப் போனோம். தத்துவ போதகர்னு பேரு வச்சுக்கிட்ட இத்தாலிக்காரர் ராபர்ட் தெ நொபிலி, 1623ல மதுரையை விட்டுக் கிளம்பித் திருச்சி வழியா சேந்தமங்கலம் வந்து, அங்கிருந்து சேலம் போனவர். அப்ப சேந்தமங்கலத்தை ஆண்டது ராமச்சந்திர நாயக்கர். காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, தமிழும் வடமொழியும் தெலுங்கும் படிச்ச மனுசன். பிள்ளைங்களுக்கு அதெல்லாம் பெரிசாப் படல. "மதுரையில இருந்து நடந்தா வந்தாரு? எத்தனை நாளாச்சு?"னு ஒருத்தி கேட்டா. அங்கயே வேப்ப மரத்தடியில உக்காந்து கணக்குப் போட்டாங்க. ஏறக்குறைய 230 கிலோமீட்டர், நாளைக்கு இருவதுன்னா பதினொண்ணு பன்னெண்டு நாள். வாத்தியார் சொல்ல வந்த மத்த விசயமெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போச்சு.

ஆனா எல்லாருக்கும் மறக்காதது குச்சிக்கிழங்குதான். மரவள்ளிக்கு எங்க பக்கம் அதுதான் பேரு. இரண்டாம் உலகப் போர் சமயத்துல மலேயாவுல இருந்து சவ்வரிசி வர்றது நின்னு போனதுக்கப்புறம், சேலம் பக்கம் இந்தக் கிழங்குல இருந்து எடுக்கக் கத்துக்கிட்டாங்க. 1981ல விக்கறதுக்குச் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்துச்சு. நீங்க பாயாசத்துல போடற ஜவ்வரிசி பெரும்பாலும் எங்க காட்டுக் கிழங்குதான். ஒரு ஆலையில பிள்ளைங்களை உள்ள விட்டாங்க. கிழங்கைக் கழுவித் தோல் உரிச்சு, அரைச்சு, பாலை வடிகட்டித் தொட்டியில தேக்கி, அடியில தங்கின மாவை எடுத்து, தூளியில குழந்தையை ஆட்டற மாதிரி குலுக்கக் குலுக்க மாவு உருண்டு மணியாகுது. அதை வறுத்து, களத்துல காயப் போடறாங்க. குலுக்கறதைப் பாத்துட்டு ஒருத்தனும் நகர மாட்டேன்னுட்டான்.

விலை விசயம்தான் எனக்கு முக்கியம். கிழங்குக்கு டன் கணக்குல மட்டும் காசு கிடையாது. மாவு எவ்வளவு இருக்குனு 'பாயிண்ட்' பாப்பாங்க. அஞ்சு கிலோ கிழங்கை ஒரு கூடையில போட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள முக்கித் தொங்கவிட்டு எடை பாக்கறது. மாவு தண்ணியை விடக் கனம். அதனால மாவு நெறைய இருந்தா தண்ணிக்குள்ளயும் எடை அதிகமா நிக்கும். பாயிண்டுக்கு 250 ரூபாய்னு வச்சுக்கங்க, 28 பாயிண்ட் வந்தா டன்னுக்கு 7,000. 26 வந்தா 6,500. முள்ளு ஒரு கோடு எறங்கினா நம்ம பாக்கெட்டுல ஓட்டை.

வீட்டுல ஒரு நீல டிரம்முல தண்ணி நெரப்பி, தொங்கற தராசைக் கட்டி, பிள்ளைங்களே செஞ்சு பாத்தாங்க. "வெறும் கூடையை மொதல்ல தண்ணிக்குள்ள எடை போட வேண்டாமா?"னு கேட்டது ஏழாவது படிக்கற அரசுப் பள்ளிக்கூடத்துப் பொண்ணு. "வெதை நெல்லு எடுக்கறப்ப உப்புத்தண்ணியில முட்டையை மிதக்க விட்டுப் பாப்பாங்களே, அது மாதிரியா?"ன்னான் ஆட்டுக்காரர் பையன். அதே சங்கதிதான். மேட்டாங்காட்டுக் கிழங்கு அஞ்சு கிலோ தண்ணிக்குள்ள 640 கிராம் நின்னுச்சு. போன வாரம் வரைக்கும் தண்ணி பாய்ச்சின கீழ்க்காட்டுக் கிழங்கு 570. ஆர்க்கிமிடீஸ் பேரை வாத்தியார் சொன்னது அதுக்கப்புறந்தான்.

அறுவடைக்கு அப்புறம் லோடு போனது வேறொரு ஆலைக்கு. கணக்கு டீச்சரோட மூத்த பொண்ணு, பதிமூணு வயசு, கூட வருவேன்னு நின்னா. அங்க ஒரு பையன் கூடையை முக்கிட்டு, எங்களைப் பாக்காமயே பாயிண்டைச் சொல்லி எழுதப் போனான். இவ மெதுவா, "அண்ணா, கூடை தொட்டிச் செவுத்துல முட்டிட்டு நிக்குது"ன்னா. அவன் என்னைப் பாத்தான், நான் வானத்தைப் பாத்தேன். மறுபடி தொங்கவிட்டுப் பாத்தப்ப ஒன்றரைப் பாயிண்ட் ஏறி நின்னுச்சு. எங்க லோடு எட்டு டன். 250 ரூபாய்க் கணக்குலயே 3,000. திரும்பி வர்ற வழியில பரோட்டா வாங்கிக் குடுத்தேன். ரெண்டு போதும்னுட்டா, மூணு சாப்பிட்டா.

இந்தப் பொண்ணோட அப்பாதான் ஒரு மாசமா என் தூக்கத்தைக் கெடுக்கறார். ரெண்டு லாரி வச்சிருக்கார், நல்ல மனுசர், பிள்ளைங்க இங்க படிக்கறதுல அவருக்குச் சந்தோசம். மூத்தவளைப் பத்திப் பிரச்சனை இல்ல. 2009 கட்டாயக் கல்விச் சட்டம் வீட்டுல படிக்கறதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. பன்னெண்டரை வயசு ஆனவங்க தனித்தேர்வரா எட்டாவது எழுதலாம், அவ எழுதறா. பதினாலு ஆனா தேசிய திறந்தநிலைப் பள்ளியில பத்தாவது எழுதிக்கலாம். சின்னவளுக்குத்தான் இந்த ஜூன்ல ஆறாவது ஆரம்பிக்குது. அவர் என் தோட்டத்துக் கட்டில்ல உக்காந்து சொன்னது இது:

"மாமா, 2020ல சட்டம் போட்டாங்களே, மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம். ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கணும். புதுமைப்பெண் திட்டத்துல காலேஜ் போறப்ப மாசம் ஆயிரம் வருதே, அதுக்கும் ஆறாவதுல இருந்து கணக்கு. இப்ப ஆறாவதுல சேக்கலைன்னா ரெண்டும் போச்சு. உங்க பையனுக்குக் கெணறும் ஆறு ஏக்கரும் இருக்கு. எம் பொண்ணுக்கு இருக்கறது ரெண்டு லாரி, அதுக்கும் டியூ கட்டறேன்."

என்னால பதில் சொல்ல முடியல. சுதந்திரமாப் படிக்கறது எவ்வளவு நல்லதுனு நான் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனா அது கெணத்துக்காரன் பேச்சுனு அவர் சொன்னதுல பொய் இல்ல. கூலிக்குப் போற வீட்டுல இந்தப் பேச்சே எடுபடாது. அங்க பள்ளிக்கூடம்னா காலைச் சாப்பாடு, மத்தியானச் சத்துணவு, எங்க மாவட்டத்து முட்டை, அம்மா கவலையில்லாம களை எடுக்கப் போகலாம். நாலு வீட்டுல படிச்ச அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பகல்ல நேரம் இருக்கறதாலதான் எங்க கட்டடமே நடக்குது. பட்டணத்துல இருந்து 'நாங்களும் இப்படிச் செய்யலாமா'னு கேக்கறவங்க இதை மொதல்ல எண்ணிப் பாத்துக்குங்க. செலவு பெரிசில்ல, நேரந்தான் பெரிய செலவு.

சின்னவளை ஊர் அரசுப் பள்ளிக்கூடத்துல சேக்கறதா முடிவாயிருச்சு. அவ போனா அவளோட ஒட்டிக்கிட்டுத் திரியற இன்னொரு வாண்டும் போகும், ஏழு அஞ்சாகும். டீச்சரம்மா கணக்கு வகுப்பை நிறுத்த மாட்டேன்னு சொல்லிட்டாங்க, ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாத்தினா அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் வரலாமேனு ஒரு யோசனை சொல்றாங்க. ஐ.டி. தம்பிக்கு அது பிடிக்கல. நடத்தற முறையே கெட்டுப் போகும்ங்கறார். ஃபாதர்கிட்ட சாயங்காலம் லைட்டு கரண்டு பில்லு யாரு கட்டறதுனு பேசணும். எங்க பையனுக்கும் இந்த ஜூன்ல ஆறாவதுதான். வீட்டுக்காரி வாயைத் திறக்காம மூணு நாளா அரிசி புடைக்கறா.

வர்ற சனிக்கிழமை ஜேடர்பாளையம் போறோம். காவிரித் தடுப்பணையில இருந்து ராஜவாய்க்கால் எப்படிப் பிரியுதுனு பாக்கணும். இருவத்தி மூணு பேரு பேரு குடுத்திருக்காங்க, வேன் பதினெட்டுதான் புடிக்கும். லாரிக்காரர் நான் ஒரு வண்டி ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருக்கார்.