நூற்றுக்கு 13

உலகத்துத் தேசங்களுக்கு இரண்டு மார்க்குப் பட்டியல்கள் போடுகிறார்கள். ஒன்று, 1990-இல் பாகிஸ்தான் பொருளாதார நிபுணர் மஹ்பூப் உல் ஹக் தொடங்கி வைத்தது. ஜனங்கள் எத்தனை காலம் உயிரோடிருக்கிறார்கள், எவ்வளவு படிக்கிறார்கள், வருமானம் என்ன என்று பார்ப்பது. 1995-இல் வந்த மற்றொன்று, எந்தத் தேசத்தில் லஞ்சம் எவ்வளவு என்று விஷயம் தெரிந்தவர்கள் கருதுவதைச் சொல்வது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டென்மார்க்கும் பின்லாந்தும் இரண்டிலும் முன்வரிசை. சோமாலியாவும் தெற்கு சூடானும் இரண்டிலும் கடைசி பெஞ்சு.

ஏழ்மையால் லஞ்சமா, லஞ்சத்தால் ஏழ்மையா என்று பண்டிதர்கள் வாதாடட்டும். கதை எழுதுகிறவனுக்கு அட்டவணை போதாது; ஒரு பள்ளிக்கூடமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உகாண்டாவில் தெரிந்தது. உபாத்தியாயர் சம்பளம் போக மற்றச் செலவுகளுக்கென்று, பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஆரம்பப் பள்ளிகளுக்குச் சர்க்கார் மானியம் ஒதுக்கி வந்தது. பணம் போகிறதே, பள்ளியில் ஒன்றும் காணோமே என்று 1996-இல் 250 பள்ளிகளில் கணக்குப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை, சராசரியாக நூற்றுக்கு 13 தான் பள்ளி வாசலை மிதித்திருந்தது! பெரும்பாலான பள்ளிகளுக்குச் சல்லிக் காசு இல்லை.

நாவலாசிரியனுக்கு ஒரு வில்லன் வேண்டும். இங்கே கத்தியும் இல்லை, மீசையும் இல்லை. தலைநகரில் புறப்பட்ட பணம் ஜில்லா அதிகாரிகளிடம் நின்றுவிட்டது, அவ்வளவுதான். இப்படி ஒரு மானியம் உண்டென்றே அறியாத பெற்றோரிடம் யாரும் கை நீட்ட வேண்டியதுகூட இல்லை. பள்ளிச் செலவில் பெரும்பகுதியை அவர்களே சுமந்து கொண்டிருந்தார்கள். வசதியுள்ளவர்களின் பள்ளிகள் அதட்டிக் கேட்டு ஓரளவு வாங்கிக் கொண்டன. ஏழைகளின் பள்ளிகளுக்குத்தான் அதிக நஷ்டம். எனக்கு மனம் பொறுக்காமல் போனது இந்த இடத்தில்தான்.

பிறகு சர்க்கார் ஒரு காரியம் செய்தது. எந்த ஜில்லாவுக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதைப் பத்திரிகைகளில் பிரசுரித்தது. வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னது. 2001-இல் நூற்றுக்கு 80-க்கு மேல் வந்து சேர்ந்தது. பத்திரிகை ஒன்றே காரணமா, கூடவே நடந்த வேறு சீர்திருத்தங்களுக்கும் பங்கு உண்டா என்று பின்னால் ஒரு சர்ச்சை எழுந்தது. உண்டுதான் என்பது என் எண்ணம். ஆனாலும், பத்திரிகை விற்கும் கடைக்குக் கிட்டத்திலிருந்த பள்ளிகளுக்கு மானியம் கூடுதலாக வந்தது. பிள்ளைகளும் கூடுதலாகச் சேர்ந்தார்கள். கடை தொலைவிலிருந்த ஊர்களில் பணம் அந்த அளவுக்கு ஏறவில்லை.