சுறாவைக் கட்ட ஒரு பங்கு!

தூத்துக்குடி போனா மக்ரூன் வாங்கின கையோட பஸ் ஏறிடாதீங்க பாஸ். முயல் தீவு பக்கம் போய், வ.உ.சி. துறைமுகத்துக்கு வர்ற கப்பல்களைப் பாருங்க. கொடி பனாமாவா இருக்கும். கேப்டன் ஒரு நாடு, சமையல்காரர் வேற நாடு, இன்ஜின் ரூம்ல நம்ம ஊர்ப் பையன்!

இத்தனை பேரை எப்படிக் கட்டி மேய்க்கிறாங்க? வேலை எந்த மொழியில் நடக்கும்னு முடிவு பண்ணி, கப்பல் பதிவேட்டில் எழுதியாகணும். சர்வதேச விதி அது. தீப்பிடிச்ச நேரத்துல ஒருத்தர் கத்துறது இன்னொருத்தருக்குப் புரியலைன்னா உயிர் போயிடுமே! 2013-ல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சாப்பாட்டையும் விடலை. மதம், பழக்கவழக்கத்தையும் கணக்கில் எடுத்துத்தான் சாப்பாடு போடணும். (நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு இப்படி ஒண்ணு வராதா?)

இந்தக் கடலுக்கு இதெல்லாம் பழகின கதை. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ சொல்லியிருக்கார். ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரம் சொல்லிச் சுறாவைக் 'கட்டுறவருக்கு' இருபதில் ஒரு பங்கு! சுறா கட்டுப்பட்டுச்சோ இல்லையோ, மூழ்குறவன் தைரியமா இறங்கினான். 19-ம் நூற்றாண்டில், எதிர்க்கரை இலங்கையில் எமர்சன் டென்னென்ட் பார்த்தப்ப சுறா கட்டினவர் ஒரு கத்தோலிக்கர். மந்திரத்தை நம்பினவங்க யாரும் அவர் மதத்தைப் பார்க்கலை.

தூத்துக்குடியில் கடைசியா முத்துக்குளிச்சது 1961-ல். இப்போ இந்தக் கரைப் பசங்க கப்பலேறுறாங்க. நீங்களும் அந்த ஐடியாவில் இருந்தா, ஏஜென்ட்கிட்ட சம்பளத்தை மட்டும் கேக்காதீங்க. கூட வேலை பார்க்கப்போறது எந்தெந்த நாட்டுக்காரங்க, கப்பல்ல என்ன மொழின்னும் கேளுங்க.