முகத்தைப் பெரிதாக்கச் சொல்லாத போஸ்டர்

பொறியியல் முடித்த மகன் வேலைக்குப் போகாமல் வடபழனியில் டிசைன் படிக்கச் சேர்ந்திருக்கிறான் என்று நண்பர் ஒருவர் போனில் புலம்பினார். "நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சவன், பழைய படத்துக்கெல்லாம் புதுசா போஸ்டர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். எப்பவோ ஓடி முடிஞ்ச படத்துக்கு இப்ப எதுக்குங்க போஸ்டர்?" கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

கீழே ஜெராக்ஸ் கடை, மேலே வகுப்பு. பெயர்ப்பலகை கிடையாது. ஏழெட்டு கம்ப்யூட்டர்கள், ஓயாமல் இரையும் ஒரு ஏசி, சுவர் முழுக்க ஏ3 தாளில் அச்செடுத்து ஒட்டிய போஸ்டர்கள். நடத்துபவரைப் பையன்கள் 'மாஸ்டர்' என்கிறார்கள். வயது அறுபதுக்கு மேல். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இன்னமும் சினிமா கம்பெனிகளில் இருந்து அவருக்கு வேலை வருகிறது.

புதிதாகச் சேருபவருக்கு அவர் முதலில் தருவது கருவி எதையும் இல்லை, ஒரு படத்தின் பெயரைத்தான். அந்தப் படம் சேருபவர் பிறப்பதற்கு முன்னால் வந்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் ரசிகன் கண்ணோடு பார்க்க மாட்டார் என்பது கணக்கு. படத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும், இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு. மூன்று வண்ணத்துக்கு மேல் கூடாது. தலைப்பை முதலில் பென்சிலால் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொடலாம்.

புதியவர்கள் எல்லோரும் விழும் ஒரு பள்ளம் உண்டு. ஒரே நிறத்தில் பின்னணி, நடுவில் ஒரு சின்னப் பொருள், அடியில் பொடி எழுத்தில் தலைப்பு. 'பாட்ஷா' என்றால் ஆட்டோ, 'நாயகன்' என்றால் மூக்குக்கண்ணாடி. அமெரிக்காவில் சால் பாஸ் 'வெர்டிகோ'வுக்கு 1958இல் ஒரு சுழலையும் அதற்குள் விழும் மனிதனையும் போட்டார். அந்தச் சுழல் படத்தின் தலைசுற்றலையே கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இந்த 'மினிமல்' போஸ்டர்களில் பெரும்பாலானவை விடுகதைகள்தான் என்பது என் கட்சி. படம் பார்த்தவன் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவான்; பார்க்காதவனுக்கு ஆட்டோ, வெறும் ஆட்டோ. மாஸ்டர் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "ஆட்டோவைக் காட்டுறதுக்கு நீ எதுக்குத் தம்பி? ஸ்டாண்டுல நிக்குதே."

நான் போன அன்று ஒரு பெண்ணின் வேலை திரையில் இருந்தது. அவருக்குக் கிடைத்த படம் 'அவள் அப்படித்தான்'. ருத்ரய்யா இயக்கி 1978 தீபாவளிக்கு வந்த கறுப்பு வெள்ளைப் படம். கமல், ரஜினி இருவரும் இருக்கிறார்கள். ஆனால் படம் ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சுவுடையது. அந்தப் பெண்ணின் முதல் முயற்சியைக் காட்டச் சொன்னேன். நான் நினைத்தபடியே இரண்டு நாயகர்களின் முகமும் இரு பக்கமும் பெரிதாக, நடுவில் மஞ்சு சிறிதாக. அதைப் பார்த்ததும் மாஸ்டர் கேட்டாராம்: "அந்தப் பொண்ணு படத்துல எங்கம்மா வேலை பார்க்குது?" விளம்பரக் கம்பெனியில் என்றிருக்கிறார் இவர். "விளம்பரக் கம்பெனியில வேலை பார்க்கிறவளுக்கு அவ படத்து போஸ்டர்லயே இடம் இல்லையா?"

இப்போது திரையில் இருந்தது வேறு. மேல் முக்கால் பாகம் வெறும் வெளிர் சாம்பல். கீழே ஒரு சாலை, ஓரத்தில் விரலளவு உயரத்தில் முதுகு காட்டி நிற்கும் பெண். கடைசிக் காட்சியில் காரில் இருந்து இறங்கித் தனியாக நின்றுவிடுகிறாளே, அந்த நிலை. தலைப்பு கையால் எழுதியது, கரடுமுரடாக. 'அவள் அப்படித்தான்' என்பதில் நாலு மெய்யெழுத்துகள். அந்த நாலு புள்ளிகள் மட்டும் சிவப்பு. போஸ்டரில் வேறெங்கும் வண்ணம் இல்லை. ஏன் என்று கேட்டேன். "நாலு பேர் நாலு விதமா அவளைப் பத்தித் தீர்ப்பு சொல்லிட்டுப் போறாங்க சார். ஒவ்வொருத்தரும் ஒரு புள்ளி வைக்கிறாங்க" என்றார். சேலத்துப் பக்கத்தில் இருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர். அந்தப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட விமர்சனங்கள் சிலவற்றில்கூட இவ்வளவு தெளிவு இல்லை.

மாஸ்டர் உடனே தலையாட்டிவிடவில்லை. நாற்காலியை நாலடி பின்னால் தள்ளிப் போட்டு, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். "மூணாவது புள்ளி ஓடுது, பிடிச்சு உட்கார வை" என்றார். எனக்கு எதுவும் ஓடுவதாகத் தெரியவில்லை. அந்தப் பெண் 'த்' மேலிருந்த புள்ளியை ஒரு துளி இடப்பக்கம் நகர்த்தியதும்தான் அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பக்கத்தில் நண்பரின் மகன் வேறொரு சண்டையில் இருந்தான். அவனுக்கு மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே', 1980. பென்சிலில் எழுதிக் காட்டிவிட்டு, கீழே வரும் பெயர்களையும் சிறு தலைப்பையும் ஃபோட்டோஷாப்பில் தட்டியிருந்தான். முதல் எழுத்தின் ஒற்றைக்கொம்பு 'ந'வை விட்டுவிட்டு அடுத்த எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டு ஃபிளெக்ஸ் பேனர்களில் நாம் தினமும் பார்த்துச் சிரிக்கும் கோளாறு இதுதான். யூனிகோடில் 'நெ' என்பது முதலில் 'ந', பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் பொறுப்பு. ஃபோட்டோஷாப்பின் பல பதிப்புகளில் எழுத்துக்கான அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாவிட்டால் அது அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வதில்லை. மாற்றுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷம் தெரியாததால் எத்தனை ஊர்க் கல்யாண பேனரில் மாப்பிள்ளை பெயர் கைகால் உடைந்து கிடக்கிறது!

முன்பு இந்தத் தொல்லைக்குப் பயந்தே பழைய குறியீட்டு எழுத்துருக்களில் தட்டுவார்கள். இப்போது இலவசமாகவே நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் கிடைக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரன்', இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த 'கவிவாணர்' எல்லாம் வகுப்புக் கம்ப்யூட்டர்களில் இருந்தன. ஆனாலும் தலைப்புக்கு எழுத்துரு போட மாஸ்டர் விடுவதில்லை. "பேரை ஃபாண்ட்ல போட்டா அது பேரு இல்ல, லேபிளு."

மாஸ்க், சேனல் என்று பிற்பகலில் நடந்த பாடம் எனக்குப் பிடிபடவில்லை. அதைத் தாண்டிப் போகிறேன். பிடிபட்டது பென் டூல். படத்தில் இருக்கும் ஆளைப் பின்னணியில் இருந்து வெட்டி எடுக்கும் பேனா. விளிம்பில் ஒரு புள்ளி வைத்து இழுத்தால் கோடு வளையும். அடுத்த புள்ளி, அடுத்த வளைவு. சட்டைக் காலர்வரை சுலபம். தலைமுடிக்கு வந்ததும் பையன்கள் பெருமூச்சு விடுகிறார்கள். இப்போது ஒரே சொடுக்கில் வெட்டித்தரும் வசதி வந்துவிட்டது. அதை முதல் மாதத்தில் தொடக் கூடாது என்று கட்டளை. காரணம் மாஸ்டரின் கையில் இருக்கிறது.

அந்தக் கை முதலில் பிடித்தது பிரஷ்ஷைக்கூட அல்ல, பிரஷ் கழுவும் மண்ணெண்ணெய் டப்பாவை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பேனர் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தவர். மவுண்ட் ரோட்டில் சினிமா பேனர்கள் கட்டடம் உயரத்துக்கு நின்ற காலம். ஸ்டில் மேல் பென்சிலால் கட்டம் போட வேண்டும், அதே எண்ணிக்கையில் துணியில் பெரிய கட்டங்கள் போட வேண்டும், ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பெரிதாக்க வேண்டும். இரண்டு வருஷம் கட்டம் மட்டுமே போட்டிருக்கிறார். பிறகு ஆடை, பிறகு கைகள். முகம் குருவுக்கு மட்டும். "கிட்ட நின்னு பார்த்தா கன்னத்துல பச்சை இருக்கும், நீலம் இருக்கும், ரோஸ் இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னா ரத்தமும் சதையுமா ஆளு நிப்பான்." ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சாலையைக் கடந்து போய்ப் பார்ப்பதுபோல் உடம்பு பின்னால் சாய்கிறது. காலையில் அந்தப் பெண்ணின் போஸ்டரை நாற்காலியைத் தள்ளிப் பார்த்தாரே, அந்தப் பழக்கம்தான்.

ஃபிளெக்ஸ் வந்தது. 2000ஐ ஒட்டிச் சில வருஷங்களுக்குள் துணியும் சாரமும் போய்விட்டன. கூட வேலை செய்தவர்கள் சிலர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார்கள். ஒருவர் கடைசிவரை ஆட்டோ ஓட்டினார். இவர் ஒரு டிடிபி சென்டரில் இரவு நேரத்தில் காசு கொடுத்து உட்கார்ந்து கோரல்டிரா பழகினார். மவுஸ் பிடிக்க வராமல் கை நடுங்கியதாம். பென் டூலைக் கண்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. "கட்டம் போட்டுக் கட்டம் போட்டு விளிம்பு எங்க திரும்பும்னு கைக்குத் தெரியும் சார். மத்தவன் நூறு புள்ளி வைக்கிற இடத்துல எனக்குப் பதினைஞ்சு போதும்." செய்தும் காட்டினார். ஒரு காதைச் சுற்றி வர ஐந்து புள்ளி. பக்கத்தில் பையன் வைத்த இருபத்துச் சொச்சம் புள்ளிகளில் அதே காது கடித்த பிஸ்கட்டைப்போல் இருந்தது.

அத்தனை வருஷ சினிமா வேலையில் எத்தனை படத்தை முழுதாகப் பார்த்த பிறகு போஸ்டர் போட்டீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். "ஒண்ணுகூட இல்ல."

யோசித்தால் அப்படித்தான் இருக்க முடியும். ஃபர்ஸ்ட் லுக் வெளியாகும்போது பாதிப் படம்கூட எடுத்து முடிந்திருக்காது. கைக்கு வருவது ஸ்டில்களும் கதையின் ஒற்றை வரியும் நாயகன் தரப்பின் உத்தரவும்தான். சத்யஜித் ராய்க்கு அந்தக் கஷ்டம் இல்லை. 1943இலேயே கல்கத்தா விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தவர், தன் படங்களின் போஸ்டரையும் தலைப்பெழுத்தையும் தானே வரைந்துகொண்டார். போலந்தில் யுத்தத்துக்குப் பிறகு பட விநியோகம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. நடிகர் முகத்தை வைத்து விற்கும் அவசரம் இல்லாததால் ஹென்ரிக் தொமஷெவ்ஸ்கி போன்ற ஓவியர்களிடம் போஸ்டரை விட்டார்கள். அவர் 1948இல் வியன்னா கண்காட்சியில் ஐந்து முதல் பரிசுகளை அள்ளினார். வகுப்புச் சுவரில் இவர்களுடைய போஸ்டர்கள் ஒட்டியிருப்பதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தைப் பார்த்தவன், 'முகத்தைப் பெருசாக்கு' என்று தோளுக்குப் பின்னால் யாரும் நிற்காமல் போட்ட போஸ்டர்கள் அவை. இந்தப் பையன்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடைப்பது இந்தப் பயிற்சியின்போது மட்டும்தான்.

தொழிலுக்குள் போனால் என்ன நடக்கிறது? தயாரிப்பாளர் ஒரு பப்ளிசிட்டி ஆபீஸிடம் வேலையைக் கொடுக்கிறார். பெரிய படம், பெரிய தொகை. ஆபீஸில் ஆள் போதாது. வெளியே ஒருவரிடம் போகிறது. அவர் இன்னொருவரிடம். கடைசியில் ராத்திரி ரெண்டு மணிக்குத் தவணையில் வாங்கிய லேப்டாப்பில் நாயகனின் தலைமுடியை வெட்டிக்கொண்டிருப்பவன் கையில் தயாரிப்பாளர் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. 'கரெக்‌ஷன்' என்பதற்குக் கணக்கே கிடையாது. இருபதாவது முறை மாற்றினாலும் அதே கூலி. நடுவில் இருப்பவர்கள் செய்வது என்ன? கோப்பை வாங்கி, கோப்பை அனுப்புகிறார்கள். அந்த அஞ்சல் சேவைக்குத்தான் ஒன்பது பங்கு. போஸ்டரில் டிசைன் என்று ஆபீஸ் பெயர் இருக்கும். முடி வெட்டியவனுக்குப் பெயர் கிடையாது.

இதற்கும் மேலே ஒரு புது தந்திரம். 'ரசிகர்களே, உங்கள் கைவண்ணத்தில் போஸ்டர் அனுப்புங்கள்' என்று போட்டி வைக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் வந்து குவிகிறது. பரிசு: நாயகனின் பக்கத்தில் ஒரு பகிர்வு. இந்த வகுப்பில் படித்த ஒரு பையன் அனுப்பிய அமைப்பு, நிறம் மட்டும் மாறி, சில வாரங்களில் சுவரில் வந்தது. கேட்டதற்கு, "உனக்கு இது பெருமைதானே தம்பி" என்று பதில். பெருமையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேன்ஷன்காரர் வாடகைக்கு வரவு வைத்துக்கொள்வாரா? கட்டடத்துக்கு வரைபடம் போடச் சொல்லி நூறு பொறியாளரிடம் இலவசமாகக் கேட்க எவனுக்காவது துணிச்சல் வருமா? சினிமா என்றால் மட்டும் ஆசையையே கூலியாகக் கழித்துக்கொள்கிறார்கள்.

நண்பரிடம் நான் சொன்னது இது: பையன் உருப்படியான வேலையைத்தான் கற்றுக்கொள்கிறான், அதற்கு விலை கேட்க மட்டும் வீட்டில் நீங்கள் கற்றுக்கொடுங்கள். இந்த வழியில் இறங்கும் மற்ற பிள்ளைகளுக்கும் மாஸ்டர் தினமும் சொல்வதையே சொல்கிறேன். பழைய படத்துக்குப் புது போஸ்டர் போடுங்கள், அடியில் 'பயிற்சிக்காக' என்று எழுதுங்கள், சிறிய அளவில் மட்டும் வெளியே காட்டுங்கள். புதிய படத்துக்கு யாராவது கேட்டால், லேயர்களோடு இருக்கும் மூலக்கோப்பைப் பணம் கைக்கு வரும்வரை கொடுக்காதீர்கள்.